ரோபோ நின்னுபோச்சா? கோடிங்கை மூடு, கேபிளைப் பாரு

ரோபோ கை பாதி தூரம் தூக்கிட்டு நடுங்குது. லேப்டாப்ல டிங், டொங்னு சத்தம் வருது. போர்டுல லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரியுது. இந்த நேரத்துல நீ செய்யப்போற முதல் காரியம் என்னன்னு எனக்குத் தெரியும். புரோகிராமைத் திறந்து வச்சு வரி வரியா நோண்டுவே. நேத்து ராத்திரி நல்லா ஓடின கோடிங், காலையில தானா எப்படிக் கெட்டுப்போகும்? மூடி வை.

ஸ்கூல் எக்ஸ்போவுக்கும் காலேஜ் பிராஜெக்டுக்கும் ரோபோ செய்யற பிள்ளைங்க கூடவே இருந்து பார்த்தவ சொல்றேன், கேளு. யூஎஸ்பி கேபிளை நம்பி ஓடற போர்டு தகராறு பண்ணினா முதல்ல கரன்ட், அப்புறம் கனெக்ஷன், கடைசியாத்தான் கோடிங். இந்த வரிசையை மாத்தினா விடிய விடிய முழிச்சிருக்க வேண்டியதுதான்.

நான் சொல்றதெல்லாம் ஆர்டுயினோ யூனோ, நானோ, நீல நிற எஸ்ஜி90 சர்வோ, எல்298என் மோட்டார் டிரைவர் இதுங்களை மனசுல வச்சு. ரிச்சி ஸ்ட்ரீட்டுல வாங்கினாலும் ஆன்லைன்ல வாங்கினாலும், ஆரம்ப கிட் பெட்டிக்குள்ள பெரும்பாலும் இதுங்கதான் இருக்கும்.

முதல்ல இதைப் பாரு

1. எல்லா வயரையும் கழட்டு. "இந்த ஒரு சென்சார் மட்டும் இருக்கட்டுமே"ன்னு எதையும் விட்டுவைக்காதே. வெறும் போர்டு, ஒரு கேபிள், ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். கழட்டறதுக்கு முன்னாடி போன்ல நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கோ, இல்லேன்னா திருப்பி மாட்டும்போது புதுசா ஒரு தப்பு சேர்ந்துக்கும். இப்போ "ஆன்"னு எழுதியிருக்கற லைட்டு நிலையா எரியுதா? அப்போ போர்டுக்கு கரன்ட் ஒழுங்கா வருது, கோளாறு நீ மாட்டின பொருள்ல இருக்கு. ஒண்ணொண்ணா மாட்டிக்கிட்டே வா. எதை மாட்டினதும் லைட்டு மங்குதோ, அதுதான் ஆளு. மூணு நாலை ஒண்ணா மாட்டி நேரத்தை மிச்சம் பிடிக்கறேன்னு கிளம்பாதே. எது தப்புன்னு தெரியாம திரும்ப முதல்ல இருந்து வருவே.

2. கேபிளை மாத்து. லைட்டு எரியுதே, கேபிள் நல்லாத்தான் இருக்குன்னு வாதம் பண்ணாதே. இயர்பட், மேஜை விளக்கு, மலிவு பவர் பேங்க் இதுங்களோட வர்ற கேபிள் பலதுல சார்ஜ் ஏத்தற வயர் ரெண்டு மட்டும் இருக்கும், டேட்டா வயர் இருக்காது. லைட்டு எரியும், ஆனா கம்ப்யூட்டர் போர்டைக் கண்டுக்காது. போனை அந்தக் கேபிள்ல மாட்டி ஒரு போட்டோவை கம்ப்யூட்டருக்கு மாத்திப் பாரு. மாறினா நல்ல கேபிள். அதுக்கு உடனே ஒரு கலர் டேப்பைச் சுத்தி வை. வீட்டுல வேற யாரும் போன் சார்ஜ் பண்ண எடுக்கக் கூடாதுன்னு சொல்லி வை.

3. நீளக் கேபிள் வேண்டாம். ரோபோ ஹாலுக்குள்ள நடக்கணும்னு ரெண்டு மீட்டர் மெல்லிசு கேபிள் வாங்கறே இல்லையா, அங்கேதான் வோல்ட் தொலையுது. மலிவு கேபிளுக்குள்ள இருக்கற 28 கேஜ் கம்பிக்கு மீட்டருக்கு சுமார் 0.2 ஓம் தடை. போக ரெண்டு, வர ரெண்டுன்னு நாலு மீட்டர் ஆச்சு. அரை ஆம்பியர் இழுத்தா 0.4 வோல்ட் கேபிளுக்குள்ளேயே போயிடும். 5 வோல்ட்னு கிளம்பினது 4.6 ஆத்தான் போர்டுக்கு வரும். அரை மீட்டர்ல இருந்து ஒரு மீட்டருக்குள்ள, கொஞ்சம் தடிமனான கேபிள் போதும்.

4. டைப்-சி போர்டு வச்சிருக்கியா? ரெண்டு முனையும் சி-யா இருக்கற கேபிள்ல லைட்டே எரியலேன்னா போர்டு செத்துப்போச்சுன்னு தூக்கிப் போடாதே. சி துவாரத்துக்குப் பக்கத்துல 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ரெண்டு இருந்தாத்தான் எதிர்ப்பக்கம் கரன்ட் கொடுக்கும். காசு மிச்சம் பிடிக்க மலிவு போர்டுகள்ல அதை விட்டுடறாங்க. ஒரு முனை பழைய அகலமான ஏ, மறுமுனை சி இருக்கற கேபிளைப் போடு, எரியும்.

5. ஹப் வழியா மாட்டாதே. தனியா அடாப்டர் இல்லாத ஹப், ஒவ்வொரு துவாரத்துக்கும் 100 மில்லி ஆம்பியர் தர்றதுக்குத்தான் விதிப்படி கடமைப்பட்டது. மவுஸ், கீபோர்டு, பென்டிரைவோட உன் ரோபோவும் அதுல பங்கு கேட்டா என்ன ஆகும்? டெஸ்க்டாப்னா முன்பக்கத்தை விட்டுட்டு பின்பக்கத் துவாரத்துல நேரா மாட்டு.

யூஎஸ்பி போர்டுக்கு, பேட்டரி மோட்டாருக்கு

இந்தப் பகுதியை மட்டும் நிதானமா படி. மத்ததை ஓட்டமா ஓட்டிக்கலாம். நான் பார்க்கற ரோபோக் கோளாறுல பெரும்பங்கு இங்கேதான் பிறக்குது.

பழைய யூஎஸ்பி 2.0 துவாரம் தர்றது 500 மில்லி ஆம்பியர். நீல நிற 3.0 துவாரம் 900 தரும், ஆனா யூனோ போர்டுக்குள்ள இருக்கற ஃபியூஸும் 500-தான், அதனால அதை நம்பி சந்தோஷப்படாதே. போர்டு தனக்குன்னு எடுத்துக்கறது சுமார் 50. ஒரு எஸ்ஜி90 சர்வோ சும்மா ஆடும்போதே 100-ல இருந்து 250 வரைக்கும் இழுக்கும். எதையாவது முட்டி நின்னுபோச்சுன்னா அரை ஆம்பியரையும் தாண்டிடும். நாலு சர்வோ வச்ச ரோபோ கையை போர்டோட 5 வோல்ட் பின்ல மாட்டினா கணக்கு எங்கே போய் நிக்கும்னு நீயே கூட்டிப் பாரு.

வீட்டுல கிரைண்டர் போட்டதும் லைட்டு ஒரு நொடி மங்குது பாரு, அதேதான் இங்கேயும். மோட்டார் கிளம்பற அந்தக் கணத்துல வோல்ட் சரியும். யூனோவுல இருக்கற ஏடிமெகா328பி சிப்பு 16 மெகா ஹெர்ட்ஸ் வேகத்துல ஒழுங்கா ஓட கிட்டத்தட்ட 3.8 வோல்ட் வேணும். 2.7-க்குக் கீழே போனாத்தான் தானா ரீசெட் ஆகும். ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டா ரீசெட்டும் ஆகாது, ஒழுங்காவும் ஓடாது. சென்சார் கன்னாபின்னான்னு எண் காட்டும், சர்வோ கண்டபடி திரும்பும். நீ கோடிங்ல பிழை தேடுவே. கிடைக்கவே கிடைக்காது.

6. கரன்ட் கோளாறா, கோடிங் கோளாறான்னு கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி. புரோகிராம்ல செட்டப் பகுதியோட முதல் வரியா, சீரியல் மானிட்டர்ல "ஆரம்பம்"னு அச்சாகற மாதிரி எழுது. ஒரு தடவைதான் வரணும். மோட்டார் கிளம்பும்போதெல்லாம் திரும்பத் திரும்ப "ஆரம்பம்"னு வந்தா போர்டு ரீசெட் ஆகுதுன்னு அர்த்தம். அதுக்கு மேல ஒரு வரி கோடிங்கைக்கூடத் தொடாதே, பவரைக் கவனி. இன்னொண்ணு, சீரியல் மானிட்டரைத் திறக்கும்போது யூனோ ஒரு தடவை ரீசெட் ஆகறது இயல்பு. அதைப் பார்த்துப் பதறாதே.

7. மீட்டர்ல 4.9 காட்டுதேன்னு சொல்லாதே. மல்டிமீட்டர் மெதுவானது. கண் சிமிட்டற நேரத்துக்குள்ள விழுந்து எழுந்திரிக்கற வோல்ட் அதுக்குத் தெரியாது. மோட்டாரைக் கையால லேசா அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஓட விட்டு அளந்து பாரு, சரிவு கொஞ்சமாவது தெரியும். ரொம்ப நேரம் பிடிக்காதே, சர்வோ சூடாகிடும்.

8. சர்வோவுக்குத் தனி 5 வோல்ட் கொடு. நாலு சர்வோவுக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் ஒண்ணு வாங்கு, இல்லேன்னா நாலு ரீசார்ஜபிள் பென்சில் பேட்டரி போடு, 4.8 வோல்ட் வரும். சர்வோவோட சிவப்பு வயர் அந்தத் தனி சப்ளைக்குப் போகணும். ஆரஞ்சு வயர் மட்டும் போர்டு பின்னுக்கு. பழுப்பு வயர் கிரவுண்டு, அடுத்த குறிப்பைப் படி.

9. கிரவுண்டை இணைக்க மறக்காதே! தனி சப்ளை கொடுத்துட்டேன், இப்போ சர்வோ அசையவே மாட்டேங்குது இல்லே கிறுக்குத்தனமா ஆடுதுன்னு வர்றவங்க எல்லாருக்கும் நான் கேக்கற ஒரே கேள்வி, பேட்டரியோட மைனஸும் போர்டோட கிரவுண்டும் ஒண்ணா சேர்ந்திருக்கா? போர்டு அனுப்பற சிக்னலை சர்வோ கிரவுண்டை வச்சுத்தான் அளக்குது. கிரவுண்டு சேரலேன்னா அது எதை வச்சு அளக்கும்? மைனஸ் மைனஸோட சேரணும். ஆனா தனி சப்ளையோட பிளஸ்ஸை போர்டோட 5 வோல்ட் பின்ல மாட்டவே கூடாது. யூஎஸ்பியும் மாட்டியிருந்தா ரெண்டு சப்ளையும் ஒண்ணோட ஒண்ணு முட்டி, கரன்ட் லேப்டாப் பக்கம் திரும்பிப் போகும். பிராஜெக்டுக்காக அப்பாவோட ஆபீஸ் லேப்டாப்பைக் கெடுத்து வைக்காதே.

10. எல்லா சர்வோவையும் ஒரே நேரத்துல எழுப்பாதே. ஒண்ணை இயக்கி அரை நொடி விட்டு அடுத்ததை இயக்கு. முதல் கணத்துல வர்ற இழுப்பு பங்காகிடும். செலவே இல்லாத வேலை இது, ஆனா யாரும் செய்யறதில்லை. சர்வோ சப்ளையோட பிளஸ், மைனஸ் குறுக்கே 470 அல்லது 1000 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒண்ணையும் போட்டுடு. கோடு போட்ட பக்கம் மைனஸ். மாத்திப் போட்டா வெடிக்கும், முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதே.

11. மோட்டாரை போர்டு பின்ல நேரா மாட்டறது பாவம். ஒரு பின்ல இருந்து 20 மில்லி ஆம்பியர் எடுத்தா நல்லது, 40 கடைசி எல்லை. சக்கரம் சுத்தற மஞ்சள் மோட்டார் அதைவிடப் பல மடங்கு கேக்கும். மோட்டார் டிரைவர் இல்லாம வேலை நடக்காது.

12. எல்298என் வச்சிருந்தா ஒரு கணக்கு தெரிஞ்சுக்கோ. அது தன் பங்குக்கு 2 வோல்ட் அளவுக்கு சாப்பிட்டுடும். 6 வோல்ட் கொடுத்தா மோட்டாருக்கு 4 தான் போகும், வண்டி நகராம உறுமும். மோட்டார் பழுதுன்னு நினைச்சு புதுசு வாங்காதே, 7.4 வோல்ட் பேட்டரி கொடு. 12 வோல்ட்டுக்கு மேல கொடுக்கற நாள் வந்தா அதுல இருக்கற 5 வோல்ட் ஜம்பரைக் கழட்டிடணும். அந்த டிரைவர்ல வர்ற 5 வோல்ட்ல இருந்து சர்வோவுக்குக் கொடுக்கலாமான்னு கேப்பே. கூடாது, அது அரை ஆம்பியருக்கு மேல தாங்காது.

13. சதுர 9 வோல்ட் பேட்டரியைக் கண்ணுலேயே காட்டாதே. கடைக்காரர் கிட் கூட சேர்த்துக் கொடுப்பார், கிளிப்பும் அழகா இருக்கும். ஆனா அது மெல்ல மெல்லக் கரன்ட் தர்றதுக்கு ஆனது. மோட்டார் இழுத்த உடனே படுத்துடும். அளந்தா 9 காட்டும், ஓட்டினா 5-க்குப் போயிடும்.

14. போர்டோட வட்ட துவாரத்துல 12 வோல்ட் அடாப்டர் மாட்டி, 5 வோல்ட் பின்ல இருந்து சர்வோவுக்கு எடுக்காதே. மிச்சம் 7 வோல்ட்டையும் போர்டுல இருக்கற சின்ன ரெகுலேட்டர் சூடாத்தான் வெளியே தள்ளணும். அரை ஆம்பியருக்கு மூணரை வாட். அவ்வளவு சூட்டை அது தாங்காது, தானா நிறுத்திக்கும், ஆறினதும் மறுபடி ஓடும். அஞ்சு நிமிஷம் ஓடி அஞ்சு நிமிஷம் நிக்கற ரோபோவோட ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

15. 18650 செல் ரெண்டை வரிசையா வச்சு, எல்எம்2596 மாட்யூல்ல 5 வோல்ட்டா குறைச்சு எடுக்கறது நல்ல வழி. மாட்யூலை சர்வோவோட இணைக்கறதுக்கு முன்னாடி, மீட்டரை வச்சுக்கிட்டு அந்தச் சின்ன திருகை 5 வர்ற வரைக்கும் திருப்பு. வாங்கினபடியே மாட்டினா 7-ம் வரலாம், 8-ம் வரலாம், சர்வோ புகைஞ்சிடும். 3 ஆம்பியர்னு விக்கறாங்க, நீ 2-ஓட நிறுத்திக்கோ. செல்லைச் சாவி, சில்லறையோட பையில போடாதே. ஷார்ட் ஆனா தீப்பிடிக்கும். இது பயமுறுத்தறதுக்குச் சொல்றது இல்லை.

16. பவர் பேங்க்ல ஓட்டறியா? கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சா பவர் பேங்க் கெட்டுப்போகலை. வெறும் போர்டு இழுக்கற 50 மில்லி ஆம்பியரைப் பார்த்துட்டு, "போன் சார்ஜ் முடிஞ்சுடுச்சு"ன்னு நினைச்சு அது மூடிக்குது. குறைஞ்ச கரன்டுக்குன்னு தனி முறை இருக்கற பவர் பேங்கா பார்த்து எடு.

கம்ப்யூட்டருக்குத் தெரியலையா, அப்லோடு ஆகலையா?

17. விண்டோஸ்ல டிவைஸ் மேனேஜரைத் திற. போர்டை மாட்டிக் கழட்டிப் பாரு. பட்டியல்ல எந்த அசைவும் இல்லேன்னா கேபிள், இல்லேன்னா துவாரம். மஞ்சள் முக்கோணத்தோட ஏதாவது வந்தா டிரைவர் இல்லை. மலிவு போர்டு பெரும்பாலானதுல சிஎச்340ங்கற சிப்பு இருக்கும், அதுக்குத் தனி டிரைவர் போடணும். சிப்பு தயாரிக்கற டபிள்யூசிஎச் கம்பெனியோட சைட்டுல இருந்தே எடு. முதல்ல கண்ணுல பட்ட லிங்க்கை அமுக்காதே.

18. லினக்ஸ்ல "பர்மிஷன் டினைட்"னு வந்தா உன் பேரை டயல்அவுட் குரூப்புல சேர்த்து, வெளியேறி திரும்ப உள்ளே வா. உபுண்டு 22.04-ல சிஎச்340 போர்டு வந்த வேகத்துல காணாமப் போனா, பார்வையற்றவங்களுக்கான பிரெயில் கருவியை இயக்கற பிஆர்எல்டிடிஒய் புரோகிராம் அதைத் தன் கருவின்னு நினைச்சுப் பிடிச்சுக்குது. உன் வீட்டுல பிரெயில் கருவி யாரும் உபயோகிக்கலேன்னா அதை நீக்கிடு.

19. "நாட் இன் சிங்க்"னு சிவப்பா வரி வரியா கொட்டுதா? பதட்டப்படாம இந்த வரிசையில பாரு:
• போர்டு பேரும் போர்ட் எண்ணும் சரியா தேர்ந்தெடுத்திருக்கியா? வேற துவாரத்துல மாட்டினா எண்ணும் மாறியிருக்கலாம்.
• 0, 1 பின்கள்ல ப்ளூடூத் மாட்யூல் மாட்டியிருக்கியா? அப்லோடும் அந்த வழியாத்தான் போகுது. கழட்டிட்டு அப்லோடு பண்ணி, திரும்ப மாட்டு.
• நானோவா? பிராசஸர் பட்டியல்ல "ஓல்ட் பூட்லோடர்"னு ஒண்ணு இருக்கும், அதைத் தேர்ந்தெடு. மலிவு நானோவுக்கு முக்கால்வாசி நேரம் இதுதான் மருந்து.
• "போர்ட் பிஸி"ன்னா வேற ஒரு ஜன்னல்ல சீரியல் மானிட்டர் திறந்து கிடக்கும். மூடு.

20. சீரியல் மானிட்டர்ல கேள்விக்குறியும் கட்டமுமா வந்தா கோடிங்ல எழுதின வேகமும் மானிட்டர்ல இருக்கற வேகமும் வேற வேற. 9600-ன்னா ரெண்டு இடத்துலயும் 9600. இதுக்கெல்லாம் போர்டை மாத்தாதே.

வயரை நம்பாதே

21. நீளமான பிரெட்போர்டுல ஓரத்து சிவப்பு, நீலக் கோடு பாதியில விட்டிருக்கான்னு பாரு. விட்டிருந்தா அந்த இடத்துல உள்ளேயும் இணைப்பு இல்லை. இடது பாதிக்கு வர்ற கரன்ட் வலது பாதிக்கு வராது. ஒரு சின்ன ஜம்பர் வயரால ரெண்டு பாதியையும் சேர்.

22. மோட்டார் கரன்டை பிரெட்போர்டு வழியா அனுப்பாதே. உள்ளே இருக்கற மெல்லிசு பிடி ஒரு ஆம்பியர் கிட்டே போனாலே சூடாகித் தளர்ந்துடும். அப்புறம் சிக்னல் வயரும் அங்கே நிக்காது. ஸ்க்ரூ டெர்மினல் வாங்கு, விலை ரொம்பக் குறைவு.

23. ஜம்பர் வயர் ஒவ்வொண்ணையும் மீட்டர்ல பீப் வச்சுப் பாரு. ஒரு கையால வயரை ஆட்டிக்கிட்டே பாரு. ஆட்டும்போது பீப் விட்டு விட்டு வந்தா, "இன்னொரு நாள் உதவும்"னு டப்பாவுல திருப்பிப் போடாதே. வெட்டிக் குப்பையில போடு. போட்டி அன்னைக்கு உன் கையில கிடைக்கப்போறது அந்த வயராத்தான் இருக்கும்.

24. மோட்டார் ஓடும்போது மட்டும் யூஎஸ்பி அறுந்து அறுந்து வந்தா, மோட்டாரோட ரெண்டு காலுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெபாசிட்டரைப் பத்த வை. மோட்டார் பிரஷ் கிளப்பற மின் இரைச்சல் அடங்கும். மோட்டார் வயரை யூஎஸ்பி கேபிளோட சேர்த்து அழகா முறுக்கிக் கட்டியிருந்தா பிரிச்சு விடு.

போர்டு போயே போச்சா?

போர்டு சூடா இருக்கு, லைட்டு இல்லைன்னா முதல்ல கழட்டி வச்சுட்டு டீ குடிச்சிட்டு வா. யூனோவுல இருக்கற ஃபியூஸ் ஆறினா தானா சரியாகற வகை. லேப்டாப் துவாரமும் அதிகக் கரன்ட் இழுத்ததும் தன்னை மூடிக்கும், லேப்டாப்பை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணினா பெரும்பாலும் திரும்ப வரும்.

லைட்டு எரிஞ்சும் அப்லோடு ஆகலேன்னா ஒரு சோதனை இருக்கு. ரீசெட் பின்னையும் கிரவுண்டையும் ஒரு வயரால இணை. 0, 1 பின் ரெண்டையும் இன்னொரு வயரால இணை. சீரியல் மானிட்டர்ல ஏதாவது எழுதி அனுப்பு. நீ எழுதினதே திரும்பி வந்தா யூஎஸ்பி பக்கம் நல்லா இருக்கு, அடிபட்டது பெரிய சிப்பு. எதுவும் வரலேன்னா யூஎஸ்பி சிப்பு போச்சு, அதுக்குமேல நேரம் செலவழிக்காம வேற போர்டு வாங்கு.

பெரிய சிப்பு போயிருந்து, அது நீளமா ரெண்டு வரிசைக் காலோட சாக்கெட்டுல உட்கார்ந்திருக்கற வகைன்னா முழு போர்டையும் வாங்காதே. ஏடிமெகா328பி சிப்பு மட்டும் தனியா கிடைக்கும். கடையில "பூட்லோடர் ஏத்தினதா?"ன்னு கேட்டு வாங்கு, ஏத்தாததை வாங்கிட்டு வந்தா யூஎஸ்பி வழியா கோடிங் ஏறாது. பழசை மெல்லிசு ஸ்க்ரூ டிரைவரால ரெண்டு ஓரத்துலயும் மாறி மாறி நெம்பி எடு, ஒரே பக்கம் நெம்பினா கால் வளைஞ்சுடும். ஓரத்துல இருக்கற அரைவட்டக் குழி எந்தப் பக்கம் பார்த்திருக்குன்னு எடுக்கறதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்து வச்சுக்கோ. புதுசும் அதே பக்கம் பார்த்துத்தான் உட்காரணும்.